பரீராவின் தவணை: தனியாக வீட்டுக் கடன் கட்டும் சகோதரிகளும் நம் பொறுப்பும்

ஜும்ஆ உரை – பொதட்டூர்பேட்டை

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள், அவர்கள் வழி நடக்கும் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக.

முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் அல்லாஹ்வை அஞ்சி நடக்கும்படி வஸிய்யத் செய்கிறேன்.

சில நாட்களுக்கு முன் ஒரு சகோதரி, தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மதரஸா வாசலில் வந்து நின்றார். எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் தேட வேண்டாம். தலாக் ஆகிச் சில வருடங்கள் ஆன சகோதரி. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். சிறியதாக ஒரு வீடு வாங்கியிருக்கிறார், வங்கிக் கடனில்.

அவர் கேட்டார்: "ஹஜ்ரத், வட்டிக்கு வாங்கின கடன்ல வாங்கின வீடு. அந்த வீட்டுல நான் தொழுற தொழுகை கூடுமா?"

நான் உடனே பதில் சொன்னேன். வட்டி ஹராம் அம்மா, அல்லாஹ்வும் ரஸூலும் போர் அறிவித்த பாவம், நீ அதில் போய் விழுந்திருக்கக் கூடாது என்றேன். சொன்னதில் மார்க்க ரீதியாகத் தவறு ஒன்றும் இல்லை.

அவர் தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "ஹராம்னு எனக்கும் தெரியும் ஹஜ்ரத். எங்க அத்தா மவுத்தானப்போ வீட்டை அண்ணன் எடுத்துக்கிட்டாரு. அது ஹராம்னு அன்னிக்கு யாரும் சொல்லலையே."

சகோதரர்களே! அன்று என்னிடம் பதில் இல்லை. இந்த மிம்பரில் வட்டியைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். வட்டிக் கடையின் வாசல் வரை ஒரு பெண்ணைத் தள்ளிக்கொண்டு போய் விடுவது யார் என்று பேசியதில்லை. இன்று அதைப் பேசுகிறேன்.

ஒரு பெண்ணின் தவணை மிம்பருக்கு வந்தது

"ஒரு பொம்பளையோட கடன் விவகாரம் ஜும்ஆவில் பேசும் விஷயமா?" என்று சிலர் நினைக்கலாம். நபி (ஸல்) அவர்களின் மிம்பரே இதற்குப் பதில் சொல்கிறது.

மதீனாவில் பரீரா (ரலி) என்ற அடிமைப் பெண் இருந்தார். தன் விடுதலைக்காக எஜமானர்களோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். மொத்தம் 9 ஊக்கியா வெள்ளி, வருடத்துக்கு ஒரு ஊக்கியா வீதம் 9 வருடத் தவணை. ஒரு ஊக்கியா என்பது 40 திர்ஹம். ஆக 360 திர்ஹம் கடன், ஒரு பெண்ணின் தலையில். இன்று நாம் மாதத் தவணை என்கிறோம், பரீராவுக்கு அது வருடத் தவணை. ஆனால் அதில் வட்டி கிடையாது.

பரீரா அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். அன்னை அவர்கள் "ஏன் இப்படி ஒப்பந்தம் போட்டாய்?" என்று கேட்கவில்லை. "என் சக்திக்குப் பார்க்கிறேன்" என்று ஒரு வருடத் தவணையை மட்டும் தந்து அனுப்பவும் இல்லை. உன் எஜமானர்கள் சம்மதித்தால் முழுத் தொகையையும் ஒரே தடவையில் எண்ணிக் கொடுத்து உன்னை விடுவிக்கிறேன் என்றார்கள். எஜமானர்கள், விடுதலைக்குப் பிறகும் அவர் மீதுள்ள வலாஃ உரிமை எங்களுக்கே வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. நபியவர்கள் மிம்பரில் நின்றார்கள். அல்லாஹ்வின் வேதத்துக்கு மாறான நிபந்தனையை நூறு தடவை போட்டாலும் அது செல்லாது என்று மக்கள் முன்னால் அறிவித்தார்கள். இந்த நிகழ்ச்சி புகாரியில் பல இடங்களில் வருகிறது.

கவனியுங்கள். ஒரு அடிமைப் பெண்ணின் தவணைக் கணக்கு. அதில் பணம் கொடுத்தது நபியின் குடும்பம். அநியாய நிபந்தனையை உடைத்தது நபியின் மிம்பர். இந்த இரண்டும்தான் இன்று நம் சகோதரிகளுக்குக் கிடைக்காமல் இருக்கிறது.

வட்டி ஹராம்தான், அதில் மாற்றம் இல்லை

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அல்பகரா அத்தியாயத்தின் 275 முதல் 279 வரையிலான வசனங்கள் வட்டியை எவ்வளவு கடுமையாகத் தடுக்கின்றன என்று நமக்குத் தெரியும். வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர்கள் அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக முஸ்லிமில் ஹதீஸ் வருகிறது. 1999இல் ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில், மேற்கு நாடுகளில் வாழும் முஸ்லிம்களுக்குக் குடியிருக்கும் ஒரே வீட்டுக்காகச் சில நிபந்தனைகளோடு சலுகை சொன்னது உண்மை. பெரும்பாலான உலமாக்கள் அதை ஏற்கவில்லை. தன் நிலைமை நிர்ப்பந்தம் என்று கருதும் சகோதரி, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு முஃப்தியிடம் தன் நிலையை முழுதாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆனால் கடன் வாங்குவதும் அடமானம் வைப்பதும் தம்மளவில் இழிவல்ல. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தாகும்போது அவர்களுடைய போர்க்கவசம் 30 ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடமானத்தில் இருந்தது (புகாரி). அதே நபியவர்கள் கடனிலிருந்து பாதுகாவல் தேடி அதிகமாக துஆவும் செய்தார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் பேச நேரும், வாக்களித்தால் மாறு செய்ய நேரும் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள் (புகாரி). தவணைத் தேதி நெருங்கும்போது போனை எடுக்கப் பயப்படும் ஒவ்வொருவருக்கும் இதன் பொருள் புரியும்.

ஆகவே அந்தச் சகோதரிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது: அம்மா, கடன் இருப்பதால் உன் தொழுகை கூடாமல் போகாது. வட்டியில் சிக்கியதற்காக அல்லாஹ்விடம் தவ்பா செய். தவ்பாவின் அடையாளம், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அதிலிருந்து வெளியே வருவது. அந்த வேகத்தை உனக்குக் கொடுக்க வேண்டியது நாங்கள்.

தவணைக்குள் என்ன இருக்கிறது?

எல்லோருக்கும் புரிவதற்காக ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு பெண் 10 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறார். ஆண்டு வட்டி 9 சதவீதம், காலம் 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 8,997 ரூபாய். 240 மாதம் கட்டி முடிக்கும்போது ஏறத்தாழ 21 லட்சத்து 59 ஆயிரம் ரூபாய் கட்டியிருப்பார். வாங்கியது பத்து, கட்டியது இருபத்தொன்றரைக்கும் மேல்.

முதல் மாதம் கட்டும் 8,997இல் 7,500 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அசலில் குறைவது 1,497 ரூபாய்தான். ஐந்து வருடம் ஒரு மாதமும் தவறாமல் கட்டுகிறார். நோன்புப் பெருநாளுக்குப் பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்காமல், தனக்கு உடம்பு சரியில்லாதபோது டாக்டரிடம் போகாமல் கட்டுகிறார். 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கட்டிய பிறகு பாக்கி அசல் எவ்வளவு தெரியுமா? 8 லட்சத்து 87 ஆயிரம். நீண்ட காலக் கடனில் முதல் வருடங்கள் பெரும்பாலும் வட்டிக்கே போகின்றன.

வீட்டில் இரண்டு சம்பளம் வந்தால் ஒரு மாதம் ஒன்று நின்றாலும் மற்றது தாங்கும். தனியாக இருக்கும் பெண்ணுக்கு அந்த இரண்டாவது சம்பளம் இல்லை. தறி நின்றால் கூலி நிற்கும் என்பது இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேலை நின்றாலும் தவணை நிற்காது. ஒரு மாதத் தவணையை அடைக்க வாரக் கடன், அந்த வாரக் கடனை அடைக்க இன்னொரு குழுக் கடன் என்று போனால் எங்கே முடியும்? நம் எல்லைக்கு அந்தப் பக்கம், நகரியும் புத்தூரும் இருக்கும் ஆந்திராவில், 2010இல் அது எங்கே முடிந்தது என்று பார்த்தோம். பெண்களின் குழுக் கடன் வசூல் நெருக்கடியாகி, தற்கொலைகள் வரை போய், அந்த ஆண்டு அக்டோபரில் அந்த மாநில அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது.

அந்தப் பத்து லட்சம் எங்கிருந்து வந்தது?

இப்போது அடுத்த கணக்கு. அத்தா மவுத்தாகிறார். 24 லட்சம் பெறுமான வீட்டை விட்டுச் செல்கிறார். கடன் இல்லை, வஸிய்யத் இல்லை. வாரிசுகள் மனைவி, ஒரு மகன், ஒரு மகள். நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களின்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 3 லட்சம். மீதி 21 லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு 14 லட்சம், மகளுக்கு ஒரு பங்கு 7 லட்சம்.

அந்த 7 லட்சத்தை அண்ணன் கொடுத்திருந்தால், அதே வீட்டுக்குத் தங்கை வாங்க வேண்டிய கடன் 10 லட்சம் அல்ல, 3 லட்சம். அந்த 3 லட்சத்துக்கு அதே 8,997 ரூபாயை மாதாமாதம் கட்டினால் 39 மாதத்தில் கடன் முடிகிறது. மூன்றே கால் வருடம்!

20 வருடம் எங்கே, மூன்றே கால் வருடம் எங்கே? அண்ணன் எடுத்துக்கொண்டது 7 லட்சம் ரூபாய் என்று மட்டும் நினைக்கிறார். இல்லை சகோதரரே! உங்கள் தங்கையின் வாழ்நாளில் பதினாறு வருடங்களுக்கும் மேல் எடுத்திருக்கிறீர்கள். அந்தத் தங்கை கட்டும் வட்டியின் பாவத்தில் எனக்குச் சம்பந்தமே இல்லை என்று நாளை மறுமையில் சொல்லிவிட முடியுமா? சிந்தித்துக்கொள்ளுங்கள்.

உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். இவர்களின் சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார், சொத்து இல்லாமல் இவர்களுக்குத் திருமணமும் நடக்காது என்று முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபியவர்கள் அந்தச் சிறிய தந்தையை அழைத்து, பெண் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, தாயாருக்கு எட்டில் ஒன்று, மீதி உமக்கு என்று தீர்ப்புச் செய்தார்கள் (திர்மிதி, அபூதாவூத்). வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே ஆண் துணை இல்லாத ஒரு வீட்டின் முறையீட்டில்தான்.

நம்மிடையே என்ன நடக்கிறது? நாற்பதாம் நாள் ஃபாத்திஹா தவறாமல் ஓதுகிறோம். பாகப்பிரிவினைக்கு நாற்பது வருடம் ஆகிறது. இல்லாவிட்டால் தங்கைக்கு ஒரு பட்டுப்புடவை, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து. "அவளே விட்டுக் கொடுத்தாள்" என்கிறோம். கேட்டால் அண்ணன் வீட்டு வாசல் மூடிவிடும் என்ற பயத்தில் போட்ட கையெழுத்து மனப்பூர்வமான சம்மதமா? மன நிறைவோடு தராத வரை ஒரு முஸ்லிமின் பொருள் இன்னொருவருக்கு ஹலால் ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவர் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற எச்சரிக்கையும் புகாரி, முஸ்லிமில் இருக்கிறது.

"வயலில் பெண்ணுக்குப் பங்கு கிடையாது" என்று சிலர் சொல்வார்கள். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருந்தது. 1949இல் மதராஸ் மாகாணம் அதைத் திருத்தி நீக்கிவிட்டது. அல்லாஹ்வின் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு என்றைக்கும் இருந்ததில்லை. சொத்து குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் பெண்களுக்குப் பங்கு உண்டு என்று நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் தெளிவாகக் கூறுகிறது.

இன்னும் இரண்டு உண்டு. ஒன்று மஹர். நிக்காஹ் தஃப்தரில் எழுதப்பட்டுக் கைக்கு வராத மஹர், கணவன் மீதுள்ள கடன். தலாக் சொன்னாலும் அது தீராது. மற்றது பிள்ளையின் செலவு. பெற்ற தகப்பனின் கடமை அது. மனைவியை தலாக் சொல்லலாம், பிள்ளையின் சோற்றுக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் தலாக் சொல்ல முடியாது. அந்த மாதப் பணம் ஒழுங்காக வந்திருந்தால் எத்தனை சகோதரிகளின் தவணை பாதியாகக் குறைந்திருக்கும்!

திரும்பி வந்த மகளுக்கு ஒரு வீடு

சுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களை எல்லோருக்கும் தெரியும். சொர்க்கத்தின் நற்செய்தி பெற்ற பத்துப் பேரில் ஒருவர். அவர் தன் வீடுகளை வக்ஃப் செய்தபோது ஒரு நிபந்தனை எழுதினார். தன் பெண் மக்களில் கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவர் அதில் குடியிருக்கலாம். அவர் யாருக்கும் இடைஞ்சல் தரக் கூடாது, அவருக்கும் யாரும் இடைஞ்சல் தரக் கூடாது. மறுமணத்தால் வசதி வந்தால் அந்த உரிமை முடிந்துவிடும். புகாரியின் வஸிய்யத் பாடத்தில் இது இடம்பெற்றிருக்கிறது.

திரும்பி வரும் மகளை அவமானமாக அவர் பார்க்கவில்லை. அவள் வருவதற்கு முன்பே அவளுக்கு ஓர் அறையை எழுதி வைத்தார். நம் வீடுகளில் மாடி கட்டும்போது "இது பெரியவனுக்கு, இது சின்னவனுக்கு" என்கிறோம். மகள் பெயரை யாராவது சொல்கிறோமா?

கடன் கட்டும் சகோதரிகளுக்கு

திரைக்குப் பின்னாலிருந்து கேட்கும் சகோதரிகளே, வீட்டிலிருந்து படிக்கும் சகோதரிகளே! சம்பாதிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஜைனப் (ரலி) கணவருக்காகவும் தன் பொறுப்பில் இருந்த அநாதைகளுக்காகவும் செலவு செய்தார். அவருக்கு உறவைப் பேணிய கூலி, தர்மத்தின் கூலி என இரட்டைக் கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பெண்கள் சம்பாதித்தது பெண்களுக்கே உரியது என்பது நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தின் கருத்து.

சில விஷயங்களில் கவனமாக இருங்கள்.

முதலாவது, கிரயப் பத்திரம் யார் பெயரில்? கடன் உங்கள் பெயரிலும் வீடு அண்ணன் பெயரிலும் இருந்தால் நீங்கள் அடுத்தவர் வீட்டுக்குத் தவணை கட்டுகிறீர்கள். 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. உங்கள் பெயரிலேயே பதியுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் அல்பகரா 282தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். எழுதுவது நம்பிக்கைக் குறைவு அல்ல, அது அல்லாஹ்வின் கட்டளை.

இரண்டாவது, கையில் கொஞ்சம் சேர்ந்தாலும் அசலில் கட்டுங்கள். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அதற்கென்று தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே உத்தரவிட்டிருக்கிறது. அப்படிக் கட்டும்போது "மாதத் தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது, கட்ட முடியாத மாதம் வந்தால் ஒளியாதீர்கள். தொடர்ந்து 90 நாட்களுக்கு மேல் தவணை நின்றால் அது வாராக்கடன். அதன்பிறகு 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கைக்கு வங்கி போக முடியும். அதற்கு முன்பே வங்கி மேலாளரைப் பாருங்கள். ஜமாஅத்துக்கும் சொல்லி அனுப்புங்கள்.

நான்காவது, கடன் முடிந்த பிறகு அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இது. அடமானம் நீங்கியது வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, உங்கள் கடன் விவரத்தை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். நமக்கு மவுத் எப்போது வரும் என்று தெரியாது. வாரிசுகள் பங்கு பிரிக்கும் முன்னால் கடன்தான் அடைக்கப்பட வேண்டும்.

ஜமாஅத்தார்களே, நம் பங்கு

ஒரு ஜனாஸா கொண்டு வரப்பட்டது. கடன் இருக்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். மூன்று தீனார் என்றார்கள். அடைக்க எதுவும் விட்டுச் செல்லவில்லை என்றதும், உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுதுகொள்ளுங்கள் என்றார்கள். அபூகதாதா (ரலி) அந்தக் கடன் என் பொறுப்பு என்று சொன்ன பிறகே நபியவர்கள் தொழ வைத்தார்கள் (புகாரி). இதைக் கேட்கும்போது கடன்காரரை நினைத்து மட்டும் பயப்படுகிறோம். அந்த ஸஃப்பில் ஒரு அபூகதாதா இருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஸஃப்பில் யார் இருக்கிறார்?

ஸல்மான் ஃபாரிஸி (ரலி) அவர்களின் விடுதலைக்கு 300 பேரீச்சங்கன்று கேட்கப்பட்டது. தோழர்கள் ஒருவர் 30, ஒருவர் 20, ஒருவர் 15, ஒருவர் 10 என்று தங்களால் முடிந்ததைக் கொண்டு வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் கையால் நட்டார்கள் (அஹ்மத்). ஒருவரே 300 கன்று கொடுக்க வேண்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

முன்பு சொன்ன கணக்குக்குத் திரும்பி வாருங்கள். ஐந்து வருடம் கட்டி 8 லட்சத்து 87 ஆயிரம் பாக்கி நிற்கும் அந்தச் சகோதரிக்கு நாம் ஒரு லட்சம் ரூபாய் அழகிய கடன் கொடுக்கிறோம். வட்டியில்லாத கர்ழ் ஹஸனா. அவர் அதை நேராக அசலில் கட்டுகிறார். மாதத் தவணை அதேதான். பாக்கி 180 தவணை 143 ஆகக் குறைகிறது. 37 தவணை மிச்சம்! மூன்று லட்சத்து முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் அவர் கட்ட வேண்டியதில்லை. நம் ஒரு லட்சத்தை அவர் நிதானமாகத் திருப்பித் தந்தாலும், இரண்டு லட்சத்துக்கும் மேல் வட்டி ஒரு முஸ்லிம் பெண்ணின் கையிலிருந்து போகாமல் நின்றுவிடும். திரும்பி வந்த பணம் அடுத்த சகோதரிக்குப் போகும்.

ஒரு லட்சம் என்பது என்ன? நூறு வீடு, வீட்டுக்கு ஆயிரம் ரூபாய். ஒரு வலீமாவில் ஒரு பதார்த்தத்தைக் குறைத்தால் வரும் பணம்.

ஜகாத்தும் இருக்கிறது. தவ்பா அத்தியாயம் 60ஆம் வசனம் சொல்லும் எட்டுப் பிரிவில் கடன்பட்டவர்களும் ஒரு பிரிவு. குடியிருக்கும் வீடு அவசியத் தேவை. அது இருப்பதாலேயே ஒருவர் செல்வந்தர் ஆகிவிட மாட்டார். அவரவர் நிலையை ஆலிம்களிடம் கேட்டு, தகுதியானவருக்கு அவர் மானம் போகாமல் கொடுங்கள். பள்ளிவாசலில் பெயரைப் படித்துக் கொடுக்காதீர்கள்.

நிர்வாகிகளிடமும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். மையித் அடக்கமாகி நாற்பது நாளுக்குள் அந்த வீட்டுக்கு ஒரு ஆலிமும் இரண்டு பெரியவர்களும் போகட்டும். வாரிசுப் பட்டியல், சொத்து விவரம், ஒவ்வொருவரின் பங்கு இந்த மூன்றையும் எழுதி, பெண்கள் இருக்கும்போதே வாசித்துக் காட்டட்டும். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு வர வேண்டிய கடன் விஷயமாகப் பள்ளிவாசலில் சத்தம் எழுந்தபோது, நபி (ஸல்) அவர்கள் தம் அறையின் திரையை விலக்கி வந்து பாதியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி சைகை காட்டினார்கள். கஅப் சம்மதித்ததும், எழுந்து மீதியைக் கொடு என்று மற்றவரிடம் சொன்னார்கள் (புகாரி). பள்ளிவாசல் இதற்கும் உரிய இடம்தான்.

விதவைக்காகவும் ஏழைக்காகவும் பாடுபடுபவர் அல்லாஹ்வின் பாதையில் போராடுபவரைப் போன்றவர் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). அந்த நன்மை இப்போது நம் தெருவிலேயே இருக்கிறது.

இன்று தொழுதுவிட்டு வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு சகோதரனும் தன் தங்கைக்கு, அக்காவுக்கு ஒரு போன் செய்யுங்கள். "அத்தா வீட்டுல உன் பங்கு என்னன்னு உட்கார்ந்து பேசலாம், எப்ப வர்ற?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, இந்த உரை முழுவதையும் விடச் சிறந்த உரை.

அந்தச் சகோதரியும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அம்மா, அன்று நீ கேட்டதற்கு நான் பாதி பதில்தான் சொன்னேன். மீதிப் பாதியை இன்று உன்னிடம் அல்ல, இவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

யா அல்லாஹ்! கடன் சுமையால் தூக்கமிழந்த சகோதரிகளின் சுமையை இலேசாக்குவாயாக! அவர்களை வட்டியிலிருந்து விரைவாக வெளியேற்றுவாயாக! ஹலாலான வருமானத்தில் பரக்கத் செய்வாயாக! பிறருடைய பங்கு எங்கள் கையில் இருந்தால், மவுத்துக்கு முன்னால் அதைத் திருப்பிக் கொடுக்கும் மனதைத் தருவாயாக! எங்கள் ஜமாஅத்தை ஒருவர் சுமையை ஒருவர் தாங்கும் ஜமாஅத்தாக ஆக்குவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.